மூன்றாவது தொட்டி அசோலா

சின்ன வெங்காயத்தின் அடியில் பழைய வேர் காய்ந்து, ஒரு தட்டையான பொருக்கு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். ஆழமாகச் சுரண்டினால் புது வேர் வருகிற இடமே போய்விடும். சுரண்டாமல் விட்டால் வேர் ஒரு பக்கமாக முளைக்கும், அளக்க வராது. பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறிய எனக்கு நாற்பத்தாறு வயதில் இந்த ஒரு வேலை நன்றாக வந்தது. ஆராய்ச்சிக்கு வந்த கல்லூரி மேடம் என் கையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அக்கா, எங்க காலேஜ் பிள்ளைங்களுக்கு நீங்க வந்து சொல்லிக் குடுங்க" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

எங்கள் ஊர் ஆலங்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. கடைத்தெருச் சாக்கடை முழுவதும் தெற்கே உள்ள ஊருணியில் போய் விழும். டீக்கடைத் தண்ணீர், சலூன் தண்ணீர், வீடுகளில் பாத்திரம் கழுவிய தண்ணீர், மெக்கானிக் பட்டறையின் எண்ணெய் எல்லாம் அதில்தான். ஊருணிக்கு முன்னால் அந்தச் சாக்கடையை மறித்து மூன்று சிமெண்ட் தொட்டி கட்டியிருந்தார்கள். செடிகளை வைத்தே அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிற கல்லூரி மேடம்தான் அதைச் செய்தார். முதல் தொட்டியில் சம்புக் கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இரண்டாவதில் ஆகாயத்தாமரை. மூன்றாவதில் அசோலா, பொடி இலையாக மிதக்கிற பாசி, தண்ணீரே தெரியாத அளவுக்கு அடைந்து கிடக்கும். முதல் தொட்டிக்குள் கறுப்பாக வருகிற தண்ணீர் மூன்றாவதைத் தாண்டும்போது கை விட்டால் விரல் தெரியும்.

வேலைக்கு நாங்கள் இரண்டு பேர். நானும், எனக்கு மதினி முறையாகிற ஒருவரும். மதினிக்கு என்னை விடப் பத்து வயது கூடுதல். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் நான் அந்த வேலைக்கே போனேன். புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. ரேஷன் கடையில் எடை குறைந்தால் கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான்.

தொட்டித் தண்ணீரில் விஷம் எவ்வளவு என்று பார்க்கத்தான் வெங்காயம். சாக்கடையில் இருந்து உள்ளே வருகிற தண்ணீர் ஒரு வரிசை டம்ளரில், கடைசித் தொட்டியில் இருந்து வெளியே போகிற தண்ணீர் ஒரு வரிசையில், போர் தண்ணீர் ஒரு வரிசையில். டம்ளர் வாயில் வெங்காயத்தை உட்கார வைத்து, அடி மட்டும் தண்ணீரைத் தொடும்படி விடுவோம். நான்கு நாள் கழித்து வேரை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் கெட்டதாக இருந்தால் வேர் குட்டையாக நிற்கும். என் கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதால் எழுதுகிற வேலையும் எனக்கு வந்தது.

மதினி ஒருநாள் கேட்டார். "போர் தண்ணிய நாம தெனம் குடிக்கிறோம். அது நல்ல தண்ணின்னு தெரியும். அதுக்கு எதுக்கு மேடம் ஒரு வரிசை வெங்காயம்? கொழம்புக்காவது ஆகும்."

"வெங்காயமே சொத்தையா இருந்தா? நல்ல தண்ணியில வேர் விட்டாத்தாங்க, மத்த டம்ளர் சொல்றத நம்ப முடியும்."

"அப்ப இது சாட்சி."

"ஆமாங்க, சாட்சி."

இது எனக்கு நன்றாக மனதில் பதிந்தது. பிறகு வேறு மாதிரி உதவியது.

அசோலா ஒரு வாரத்தில் இரண்டு மடங்காகிவிடும். அடைந்துபோனால் அடியில் இருப்பது அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். அதனால் வாரத்துக்கு இரண்டு தடவை பாதியை அள்ளி வெளியே போட்டுவிடச் சொல்லியிருந்தார் மேடம்.

வெளியே போட எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்தில் அசோலா என்றாலே மாட்டுத் தீவனம்தான். கால்நடை மருந்தகத்தில் இருந்து தெருவுக்கே வந்து, தார்ப்பாய்க் குழியில் அசோலா போடுங்கள், தவிட்டோடு பிசைந்து வையுங்கள், பால் கூடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் ஒரு குழி போட்டேன். அந்தக் கோடையில் அது காய்ந்துபோனது. இங்கே ஒரு தொட்டி நிறைய அசோலா, யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்கிறது. என் வீட்டில் ஒரு கறவை மாடு இருக்கிறது. தை பிறந்துவிட்டால் எங்கள் ஊர் வரப்பில் பிடுங்கப் புல் கிடையாது. வெறும் வைக்கோலைப் போட்டு அதன் முகத்தைப் பார்க்க முடியாது. முதல் தடவை ஒரு சாக்கில் கொஞ்சம் கட்டிக்கொண்டேன். மதினி பார்த்துவிட்டு, "அள்ளிக்கிட்டுப் போத்தா. இங்கிட்டுக் கிடந்து நாறுறதுக்கு அது தின்னுட்டுப் போகட்டும்" என்றார். வீட்டுக்குக் கொண்டுபோய் போர் தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். சாக்கடை வாடை போய்விட்டது. வாடை போனால் எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். மேடத்திடம் கேட்கவில்லை. கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வார் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

மாடு ஆசையாகத் தின்றது. பாலும் கொஞ்சம் கூடியது.

அந்த வருஷம் மாசியில்தான் என் மகளுக்கு வளைகாப்புப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஒரே மகள். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டவள். முதலில் தரித்தது மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் கழித்து நின்ற கர்ப்பம் இது. என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். தினமும் போன் செய்து, "பால் குடிச்சாளா, பழம் தின்னாளா" என்று கேட்பார். சுகாதார நிலைய நர்ஸும் இரண்டு வேளை பால் குடிக்கச் சொல்லியிருந்தார். காலையிலும் மாலையிலும் கறந்த பாலைச் சுண்டக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, குடித்து முடிக்கும் வரை நான் பக்கத்திலேயே நிற்பேன். அவள் வெற்று டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, "ஒரு சொட்டு இல்ல. போதுமா? போய் ஒன் சாக்கடைய பாரு" என்பாள். என் வேலைக்கு வீட்டில் அதுதான் பெயர்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் டம்ளர்களை அளக்க உட்கார்ந்தேன். உள்ளே வருகிற தண்ணீர் வரிசையில் ஒரு வெங்காயத்துக்குக் கூட வேர் இல்லை. அடி பழுப்பேறி, வேர் வர வேண்டிய இடத்தில் மொட்டு மொட்டாக வீங்கியிருந்தது. வெளியே போகிற தண்ணீரில் எப்போதும் வருகிற நீளத்தில் பாதிதான். போர் தண்ணீரில் மட்டும் வெள்ளை வெளேரென்று நீண்டிருந்தது. நான் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு எதை எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

மேடம் வந்து பார்த்ததும் கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "வாங்க, சாக்கடையோடயே நடந்து பாப்போம்" என்றார். மூன்று பேரும் கடைத்தெரு வரை நடந்தோம். பேட்டரிக் கடைக்குப் பின்னால் சாக்கடையின் சிமெண்ட் வெளுத்து அரித்துப்போயிருந்தது. மூக்கைக் குத்துகிற நெடி. பக்கத்தில் பிளந்து போட்ட பழைய பேட்டரிகள் கிடந்தன. கடைக்காரர் வெளியே வந்தார்.

"பழைய பேட்டரிய ஒடச்சது மேடம். தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டோம்ல."

"எங்க கழுவி விட்டீங்க?" என்றார் மேடம்.

"சாக்கடையிலதான். சாக்கடை அதுக்குத்தானங்க இருக்கு?"

மதினி சும்மா இருக்கவில்லை. "ஒன் வீட்டு அடுப்படியில ஊத்திப் பாரேன், அதுவும் தண்ணி போறதுக்குத்தான் ஓட்டை வச்சிருக்கு."

"நீங்க வேற, மேடம் கூட நிக்கவும் ஒங்களுக்குப் பெரிய ஆபிசர்னு நெனப்பு."

"ஆபிசரா இருந்தா இந்நேரம் கடைக்குப் பூட்டுப் போட்டிருப்பேன்டா."

மேடம் இரண்டு பேரையும் அமர்த்தி, இனிமேல் இப்படி ஊற்றினால் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். எத்தனை நாளாக ஊற்றுகிறீர்கள் என்று கேட்டதற்குக் கடைக்காரர் சரியாகப் பதில் சொல்லவில்லை. பொங்கலில் இருந்தே அவ்வப்போது என்று கடையில் வேலை செய்கிற ஆள் சொன்னார். பொங்கலில் இருந்துதான் நான் அசோலா அள்ளிக்கொண்டு போகிறேன்.

திரும்பி வரும்போது மேடம் சொன்னார். "ஆசிட்டைக் கூட விடுங்க. அதுல காரீயம் இருக்கு. அதான் பயம்."

"ஈயம் பூசுன பாத்திரத்துலதான மேடம் எங்க ஆத்தா ரசம் வைக்கும்?" என்றார் மதினி.

"அது வெள்ளீயம், அது வேற. இது ஒடம்புக்குள்ள போனா எலும்புல போய்த் தங்கிடும். பெரியவங்கள விடக் கொழந்தைங்களுக்குத்தான் ரொம்பக் கெடுதல். மூளை வளர்ச்சியப் பாதிக்கும். வயித்துல இருக்கிற கொழந்தைக்குக் கூடப் போயிரும்."

"நல்லவேளை, நம்ம தொட்டிதான் எல்லாத்தையும் எடுத்துருதே."

"எடுத்து எங்க வைக்குது? தண்ணியில இருந்தது காணாமப் போயிறலைங்க. செடிக்குள்ள போய் உக்காந்திருக்கு. வேருல, எலையில, எல்லாத்துலயும்."

மதினி சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனார். நான் மேடத்துக்குத் தெரியாமல் கண்ணால் கெஞ்சினேன். வேண்டாம், சொல்லாதீர்கள். மதினி வாயை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் பேச வந்ததைப் பேசாமல் விட்டது அன்று ஒருநாள்தான். அவர் அன்று சொல்லியிருந்தால் எனக்கு எட்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

அன்று மாலை மாட்டைக் கறந்தேன். பால் எப்போதும் போல வெள்ளையாக, நுரையோடு இருந்தது. தூக்கிக்கொண்டு அடுப்படி வரை வந்துவிட்டுத் திரும்பிக் கொல்லைக்குப் போய் வாழைக்கு அடியில் ஊற்றினேன். ஊற்றிய பிறகு வாழைக்காவது ஆகுமா என்று ஒரு யோசனை வந்தது. தொழுவத்தில் மிச்சமிருந்த அசோலாவை ஒரு குழி வெட்டிப் புதைத்தேன். மகள் உள்ளேயிருந்து, "அம்மா, பாலு?" என்றாள்.

"மாடு ஒதைக்குது. கறக்க விடலை."

மறுநாளும் அதையே சொன்னேன். மூன்றாம் நாள், மாடு வற்றிவிட்டது போலிருக்கிறது என்றேன். கடையில் பாக்கெட் பால் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வத்துன மாட்டுக்குத்தான் காலையில சொர்ரு சொர்ருன்னு வாளியில சத்தம் கேட்டுச்சா?" என்றாள். நான் கேட்காத மாதிரி போய்விட்டேன்.

யாரிடம் சொல்வது? மேடத்திடம் சொன்னால், கேட்காமல் எடுத்தது தெரியும். மகளிடம் சொன்னால், எட்டாம் மாதத்தில் அவள் பயந்து ஏதாவது ஆகிவிட்டால்? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால்? பிள்ளை பெற அனுப்பிய இடத்தில் பெற்றவளே இதைக் கொடுத்தாள் என்பார்கள். அவர்கள் சொல்லாவிட்டாலும் அது உண்மைதானே. ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு வேளையும் நானே காய்ச்சி, நானே ஆற்றி, பக்கத்தில் நின்று குடிக்க வைத்திருக்கிறேன். மீதி வைத்தால் சண்டை போட்டிருக்கிறேன். அவள் உட்கார்ந்தால், எழுந்தால், வயிற்றில் கை வைத்தால் நான் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். "பிள்ள அசையுதா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. "இப்பத்தான கேட்ட" என்பாள்.

நான்காம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீரில் விஷம் இருந்தால் வெங்காயம் காட்டிக் கொடுக்கிறது. பாலில் இருந்தால் காட்டாதா? வீட்டு வெங்காயத்தில் நல்லதாகப் பொறுக்கி, அடியைச் சுரண்டி, மாட்டுப் பாலை நான்கு டம்ளரில் ஊற்றி மேலே உட்கார வைத்தேன். விறகு அடுக்கியிருக்கும் கொட்டகைக்குள், யாரும் பார்க்காத மூலையில் ஒளித்து வைத்தேன். மறுநாள் பால் திரிந்து நின்றது. இரண்டாம் நாள் புளித்து நாறியது. வெங்காயத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு வேர் கூட இல்லை. அடி பழுப்பேறி ஊறிப்போயிருந்தது. பேட்டரிக் கடைத் தண்ணீரில் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அங்கேயே விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அழுகை கூட வரவில்லை. மகள் குடித்த ஒவ்வொரு டம்ளரும் கண் முன்னால் வந்தது. பிறகுதான் மேடம் சொன்ன சாட்சி நினைவுக்கு வந்தது. நான் வைத்த நான்கு டம்ளரிலும் எங்கள் மாட்டுப் பால்தான். அதை எதோடு வைத்துப் பார்ப்பது? எழுந்து கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பால் வாங்கி வந்து இன்னும் இரண்டு டம்ளர் வைத்தேன். அதுவும் திரிந்தது, அதுவும் நாறியது, அதிலும் வேர் இல்லை.

பாலில் வெங்காயம் முளைக்காது. அது நல்ல பாலாக இருந்தாலும் முளைக்காது. பச்சைப் பிள்ளைக்குத் தெரிகிற இந்த விஷயம் எனக்குத் தெரிய மொத்தம் நான்கு நாள் ஆனது. விஷம் இருக்கிறது என்றும் என் டம்ளர் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் மூச்சு வந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. இதை நானாகக் கண்டுபிடிக்க முடியாது. யாரிடமாவது வாயைத் திறக்க வேண்டும்.

அதற்கு எனக்கு இன்னும் நாள் பிடித்திருக்கும். ஆனால் அன்று மாலையே மகள் நாற்றத்தைத் தேடிக்கொண்டு விறகுக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

"அம்மா! இங்க வா. யாரோ செய்வினை வச்சிருக்காங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். புளித்த பாலில் வெங்காயம் உட்கார்ந்திருக்கிற ஆறு டம்ளரையும் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"செய்வினை இல்லடி. நான்தான் வச்சேன்."

"நீயா? எதுக்கு?"

சொன்னேன். நின்றுகொண்டே, விறகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சாக்கு, அசோலா, பேட்டரிக் கடை, காரீயம், வாழையடியில் ஊற்றிய பால், எல்லாவற்றையும் சொன்னேன். மேடம் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னதை மட்டும் விழுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"கொழந்தைக்கு என்ன செய்யுமாம்?"

"மூளை வளர்ச்சிக்கு..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். கொட்டகையை விட்டு வெளியே போனாள். நான் டம்ளர்களைக் கொட்டிக் கழுவினேன். உள்ளே வந்தபோது சுவரோரம் உட்கார்ந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். "எட்டு நாளா ஒனக்குத் தெரியும். எட்டு நாளா எங்கிட்ட மாடு ஒதைக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்க" என்றாள். பால் கொடுத்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததைத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது அவளும் செருப்பைப் போட்டாள்.

"நீ எங்கடி, இந்த வயித்தோட?"

"நீ தனியாப் போனா மேடத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவ. எனக்குத் தெரியும் ஒன்ன."

தொட்டிக்கு நடந்தோம். மேடம் முதல் தொட்டி ஓரத்தில் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். மகள், "மேடம், அம்மா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள். நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். மதினி கையில் அரிவாளோடு சம்புக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். "சொல்லுத்தா, கடிச்சாப் பாத்துக்கலாம்" என்றார்.

"மூணாவது தொட்டி அசோலாவ நான் மாட்டுக்குப் போட்டேங்க" என்றேன். "பொங்கல்லருந்து. அந்தப் பால என் மக குடிச்சிருக்கு."

மேடம் கையில் இருந்த பாட்டிலை அப்படியே வைத்தார். என் மகளின் வயிற்றைப் பார்த்தார். திட்டினால் கூடத் தாங்கியிருப்பேன். அவருடைய முகம் போன போக்கைத்தான் பார்க்க முடியவில்லை. தொட்டியின் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, "வெளிய போடுங்கன்னு சொன்னேன். எங்க போடணும்னு நான் சொல்லவே இல்லையேக்கா" என்றார். "தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அள்ளுற செடி எங்க போகுதுன்னு ஒரு நாளும் கேக்கலை." அவருக்கு என் மகளை விடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும்.

பிறகு எழுந்து வேகமாக வேலை பார்த்தார். எங்கள் வீட்டுக்கு வந்து மாட்டின் பாலை ஒரு பாட்டிலில் பிடித்தார். நான் புதைத்த அசோலாவைத் தோண்டச் சொல்லி ஒரு பையில் போட்டார். மூன்று தொட்டிச் செடியிலும், வேர் தனியாக இலை தனியாக, வெட்டிக் கட்டினார். அன்றைக்கே மகளைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். மேடம் டாக்டரம்மாவிடம் விவரம் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். திருச்சியில் உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு எல்லாவற்றையும் மேடமே கொண்டுபோனார். முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அந்த ஒரு வாரம் நான் எப்படிச் சோறு தின்றேன் என்று நினைவில்லை. மாட்டைக் கறந்து கொட்டினேன். கன்று குடிப்பதை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதையும் பார்த்துக்கொண்டு நிற்பேன். துள்ளினால் சந்தோஷம், படுத்திருந்தால் பயம். மாப்பிள்ளையிடம் மகளே போனில் சொல்லிவிட்டாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அவர் என்னிடம் பேசும்போது, "அத்தை, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் அவர் அப்படிக் கேட்டதில்லை. அது கோபமா, இரக்கமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

முடிவு வந்த அன்று மேடம் நேராக வீட்டுக்கே வந்தார். காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். சம்பு வேரில் காரீயம் நிறைய இருந்தது. ஆகாயத்தாமரையின் வேரிலும் நிறைய. அசோலாவுக்கு வந்து சேர்ந்தது மிச்சம்தான், ஆனாலும் இருந்தது. பாலில் அனுமதித்த அளவுக்குள். மகளின் ரத்தத்திலும் பயப்படுகிற அளவுக்கு இல்லை. டாக்டரம்மா சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரு வேளை கூட விடக்கூடாது என்றாராம். மாட்டுக்கு அசோலா நிறுத்தியாகிவிட்டதால் இன்னும் சில வாரம் போனால் பாலைக் குடிக்கலாம் என்று கால்நடை மருத்துவரும் சொன்னாராம்.

மகள் பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குள் ஒரு கேள்வி நின்றது. வழக்கமாக இருந்தால் விழுங்கியிருப்பேன்.

"மேடம், பயப்படுற அளவுக்கு இல்லைன்னா, இல்லவே இல்லைன்னு அர்த்தமா?"

மேடம் காகிதத்தை மடித்தார். பொய் சொல்லக் கூடாது என்று யோசிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாதுக்கா. கொஞ்சம் இருக்கு. ஊருல பாதிப் பேரு ரத்தத்துல பாத்தாலும் கொஞ்சம் இருக்கும். இது அதிகம் இல்ல. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

அந்தப் பதிலுக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் தூக்கம் கூடவில்லை.

அதற்குப் பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்து, மூடி போட்ட ஒரு குழி வந்தது. அள்ளுகிற செடி எல்லாம் அதற்குள்தான். எவ்வளவு அள்ளினோம், எங்கே போட்டோம் என்று எழுத என் நோட்டில் புதிதாக ஒரு பத்தி. பேட்டரிக் கடைக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை போனது. அவர்கள் பழைய பேட்டரியை உடைப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் சொல்கிறார்கள். வெங்காயம் திரும்பவும் வேர் விடுகிறது.

சித்திரை முழுவதும் மகள் பாக்கெட் பாலைத்தான் குடித்தாள். வைகாசியில் புதுக்கோட்டையில் பெண் பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். எடையும் சரியாக இருந்தது. எல்லாரும் மூக்கு யாரைப் போல, நிறம் யாரைப் போல என்று பேசினார்கள். நான் அதன் கண் ஒரு இடத்தில் நிற்கிறதா, சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தது. குப்புற விழுவதற்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட மூன்று வாரம் பிந்தியது. அந்த மூன்று வாரமும் நான் பாய் போட்டு அதன் முன்னாலேயே கிடந்தேன்.

"சும்மா இரும்மா. எம்புள்ளையத் தெனம் அளந்துக்கிட்டே இருக்காத" என்று மகள் சொல்வாள். சில நாள் சிரித்துக்கொண்டு சொல்வாள். சில நாள் சிரிக்காமல் சொல்வாள். சிரிக்காமல் சொல்கிற நாளில் அவளும் எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பேத்திக்கு ஒன்றரை வயது. மகள் திருப்பூருக்குப் போகிறாள், வருகிறாள். இங்கே இருக்கிற மாதங்களில் அங்கன்வாடியில் எடை போடுகிற நாளன்று பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன். மகள் வேண்டாம் என்றாலும் போவேன். தராசில் வைத்ததும் அது அழும். டீச்சர் வளர்ச்சி அட்டையில், பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே ஒரு புள்ளி வைப்பார். "நல்லாருக்கு, பச்சையிலதான் இருக்கு. பாட்டிக்கு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்பார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். போன வாரம், எடை போட்ட பிறகு, தயங்கித் தயங்கி நின்று கேட்டுவிட்டேன்.

"டீச்சர், பேச்சு எத்தனை மாசத்துல வரணும்?"

"ஏன், பேசலையா?"

"பேசுது. அம்மாங்குது, பாலுங்குது. நாலஞ்சு வார்த்தைதான்."

"இந்த வயசுக்கு அது போதும். இன்னும் நாள் இருக்கு."

எத்தனை நாள் என்று கேட்டேன். டீச்சர் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் போட்டிருக்கிற படங்களைக் காட்டினார். எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக இருந்தது. இத்தனை மாதம் அதைத் திருப்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். அங்கேயே நின்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முதல் படத்தில் இருந்து படிக்க ஆரம்பித்தேன். அடுத்த பிள்ளையை எடை போட வேண்டும், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்கள். தள்ளி நின்று படித்தேன்.